இருபது மைல் நீளத்துக்கு ஒரு பாலம்

அந்த யோசனை எனக்குத் தோன்றிய இடம் கோடம்பாக்கம் மேம்பாலத்தின் உச்சி. நேரத்தைக்கூடச் சொல்ல முடியும்: ஏப்ரல் கடைசி ஞாயிறு, மாலை ஐந்தரை. வடபழனியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு அபிராமபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். பக்கத்தில் அண்ணன் சங்கரன், பின்னால் அம்மாவும் நானும். உச்சிக்கு வந்ததும் அப்பா வழக்கம்போலக் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து இதுதான் எங்கள் வீட்டு முறை. "பள்ளம் சும்மாவே இழுத்துட்டுப் போவுதுல்லா? அதுக்கு எதுக்கு எண்ணெய ஊத்தணும்?" என்பது தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பாவின் கேள்வி. கார் சத்தமில்லாமல் சறுக்கி இறங்கும். எதுவரை ஓடி நிற்கும் என்று அண்ணனும் நானும் பந்தயம் கட்டுவோம்.

அன்று நான் பந்தயம் கட்டவில்லை. என் கைப்பையில் மூன்று நாளாக ஒரு கடிதம் இருந்தது. கோத்தகிரியில் உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் ஜூன் முதல் விஞ்ஞான ஆசிரியை வேலை. பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "மலைமேலயா? அந்த ஊர நம்மாள்ல யாரு பாத்திருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அந்தச் சத்தமில்லாத இறக்கத்தில்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. யாரும் பார்க்கவில்லை என்றால் நாமே பார்த்துவிட வேண்டியதுதானே!

"கார்லயே போய்ப் பாத்துட்டு வந்தா என்னப்பா? அண்ணனும் நானும்?"

பாலம் முடிந்து காரைத் தானாக நிற்க விட்டார் அப்பா. மறுபடி எஞ்சினைக் கிளப்பும்போது சொன்னார்: "சங்கரன் கூட்டிட்டுப் போவட்டும். பாத்துட்டு வந்து அவன் சரின்னு சொன்னா சரி. வேண்டாம்னு சொன்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது. என்னட்டி?"

"சரிப்பா" என்றேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது இரவு படுக்கும்போதுதான் புரிந்தது. என் அண்ணன் கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன். ஆணி ஒன்று குறைந்தாலும் அலமாரியை இரண்டு முறை தேடுகிறவன். ஒரு சட்டைக்குப் பொத்தான் வாங்கவே நாலு கடை ஏறுவான். அவன் வாயிலிருந்து 'சரி' வரவேண்டும்!

போதாக்குறைக்கு அம்மா அவனுடைய டைரியில் பதினோரு கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். முதல் கேள்வி, குழாயில் தண்ணீர் வருமா? ஏழாவது கேள்வி, அந்தக் குளிரில் தயிர் உறையுமா? பதினோராவது, பாதை பயமில்லாமல் இருக்குமா?

வியாழன், காலை 4.40. வீட்டைவிட்டுக் கிளம்பினோம். காருக்கு என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. அதன் மீட்டர் மைலில் ஓடும், சாலையோரக் கற்களோ கிலோமீட்டரில் இருக்கும். அண்ணன் ஓட்ட, நான் எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்துக்கொண்டே வந்தேன். திண்டிவனத்தில் இட்லி, உளுந்தூர்ப்பேட்டையில் பெட்ரோல், ஆத்தூரில் பின்சக்கரம் பஞ்சர். பகல் இரண்டரைக்குச் சேலம். அப்பாவின் கடைக்கு வேட்டி அனுப்பும் வியாபாரி வீட்டில் இரவு தங்கல். வீட்டுக்காரர் என்னிடம் லைசென்ஸ் இருப்பதைக் கேட்டு, அதை வாங்கிப் பார்த்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். நான் ஓட்டிப் பழகியது அடையாறிலும் பெசன்ட் நகரின் காலிச் சாலைகளிலும்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளி. ஐந்தரைக்குச் சேலத்தை விட்டுக் கிளம்பி, பவானியில் ஆற்றைத் தாண்டி, அவினாசியில் காபி, அன்னூர். பத்தரைக்கு மேட்டுப்பாளையம். மலையைப் பற்றி நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரங்கிமலையில் ஏறியிருக்கிறேன். இரண்டும் உதவவில்லை. அன்னூரைத் தாண்டியதும் மேற்கே ஒரு நீல மேகம் தெரிந்தது. அது கலையும் என்று காத்திருந்தேன். கலையவே இல்லை. கிட்டே போகப் போக அதில் மரங்கள் முளைத்தன. பாக்குத் தோப்புகள் முடிகிற இடத்தில் சாலை நேராக அந்தச் சுவரில் போய் முட்டி, இடப்பக்கம் வளைந்து, மேலே ஏறத் தொடங்கியது.

நாலாவது வளைவில் அண்ணன் காரை நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது. இறங்கிச் சாலையோரம் குனிந்தான். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்து, பேசாமல் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"நீயே ஓட்டு. நான் கண்ண மூடிக்கறேன்."

"கண்ண மூடிட்டா பாதை எப்படி இருக்குன்னு எப்படிண்ணே எழுதுவே?"

"வயித்துல தெரியும்."

அந்த ஏற்றத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டாவது கியரில் எஞ்சின் கத்திக்கொண்டே ஏறியது. கூர்மையான வளைவுகளில் முதலாவது. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடிக்கு வெளியே சாலை மறைந்து வானம் மட்டும் தெரியும். ஒரு நொடி கழித்துச் சாலை மறுபடி வரும். காது அடைத்துத் திறந்தது. குஞ்சப்பனையில் ரேடியேட்டர் கொதித்து நின்றோம். அங்கே பலா மரங்கள் காய்த்துத் தொங்குகின்றன. டீக்கடைக்காரர் இருபத்தைந்து காசு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ரொம்ப நேரம் நிக்காதீங்க. பழத்துக்கு யானை வரும்" என்றார். பஸ் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அண்ணன் டைரியை எடுத்தான். பதினோராவது கேள்விக்கு நேராகப் பேனாவை வைத்தான். பிறகு எழுதாமல் மூடிவிட்டான்.

அதற்கு மேலே தேயிலை. யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல மலைமுழுக்க வரிவரியாகப் பச்சை. வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. மே மாதத்தில் சுடாத வெயில்! நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்றேகாலுக்குக் கோத்தகிரி. வீட்டிலிருந்து 331 மைல். உயரம் ஆறாயிரத்து ஐந்நூறு அடி என்று லாட்ஜ்காரர் சொன்னார். அறைக்கு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய், வெந்நீர் வாளி ஒன்றுக்கு ஐம்பது காசு தனி.

சனி. காலை பத்து மணிக்குப் பள்ளி. தலைமையாசிரியை உயரமான பெண்மணி, கம்பளிச் சட்டைக்கு மேல் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தார். எங்களை உட்காரச் சொன்னதுமே விஷயத்துக்கு வந்தார்.

"உங்களுக்கு முன்னாடி மெட்ராஸ்லேர்ந்து மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் மொத மழைக்கே போயிட்டாங்க. நீங்க எப்பப் போவீங்க?"

"நான் இன்னும் வரவே இல்லையே, மேடம்."

அவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. டைரியைத் திறந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தான். குழாயில் தண்ணீர் வருமா? காலையில் வரும், சில நாள் கையைக் கடிக்கும். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஒரு ஃபர்லாங். ஆசிரியைகள் விடுதிக்குக் காவல் உண்டா? உண்டு, ஒரு வாட்ச்மேனும் இரண்டு நாய்களும். ஏழாவதுக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினான்.

"தயிர்... உறையுமாங்க?"

தலைமையாசிரியை மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு, இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பதுபோலப் பதில் சொன்னார். "பாத்திரத்தக் கம்பளியில சுத்தி அடுப்புப் பக்கத்துல வைக்கணும். ஒரு நாள் ஆவுற எடத்துல ரெண்டு நாள் ஆவும். ஆனா உறையும்." அண்ணன் எழுதிக்கொண்டான்: 'உறையும். இரண்டு நாள்.'

நான் அவர்களை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். நீளமான அறை, ஆறு மேஜைகள், ஜன்னலுக்கு வெளியே மலை. கரும்பலகையில் போன வருஷத்துப் பாடம் பாதி அழிந்து கிடந்தது. மீதியை நானே அழித்தேன். யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கோடநாடு. சாலை முடிகிற இடத்தில் பூமியும் முடிந்துவிடுகிறது. காலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான அடிப் பள்ளம், அதன் அடியில் நூலாக ஓர் ஆறு, தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர் தகடுபோல மின்னுகிறது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். என் அண்ணன் எதையும் இதைவிடப் பெரிதாகப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதியாகிவிட்டது. எல்லாமே சாதகம். வேலை கிடைத்த மாதிரிதான் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு. இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் போகாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அண்ணன் தெம்பாக இருந்தான். இறக்கத்தில் தலை சுற்றாது என்று லாட்ஜ்காரர் சொன்னதை நம்பி அவனே ஓட்டினான். அரவேணு என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலை சாய்ந்தது. மேட்டுப்பாளையம் வரை இனி இறக்கம்தான். எனக்குள் கணக்கு ஓடியது. கோத்தகிரியிலிருந்து முப்பத்து மூன்று கிலோமீட்டர், அதாவது இருபது மைல் சொச்சம்!

"அண்ணே! அப்பா இருந்தா என்ன பண்ணுவாரு தெரியுமா? இது இருபது மைல் நீளத்துக்கு ஒரு பாலம்ணே!"

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்து அண்ணன் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அது. சிரித்துக்கொண்டே கியரை நியூட்ரலில் தள்ளினான்.

முதல் இரண்டு மைல் அற்புதம். எஞ்சின் மெல்லிய முனகலோடு அடங்கிவிட்டது. காற்றும் பறவைச் சத்தமும் தேயிலை வாசனையும். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று நான் உரக்கக் கணக்குப் போட்டேன். வளைவுக்கு வளைவு அண்ணன் பிரேக்கை மிதித்தான், விட்டான், மிதித்தான். மூன்றாவது மைலில் ஒரு வாசனை வந்தது. யாரோ ரப்பர் எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த வளைவில் அண்ணன் சொன்னான், "வடிவு, பிரேக் புடிக்கல."

அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதனாலேயே குனிந்து அவன் காலைப் பார்த்தேன். பெடல் தரைவரை போய் வந்தது. அவன் கியரைத் திணித்தான். பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம், கியர் விழவில்லை. நான் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. முன்னால் இடப்பக்கம் திரும்பும் வளைவு. அதன் ஓரத்தில் முழங்கால் உயர வெள்ளைக் கற்கள், கற்களுக்கு அப்பால் வானம்.

இடப்பக்கம் மலை. மலையடியில், சாலை போடுவதற்காகக் கொட்டிவைத்திருந்த ஜல்லிக் குவியல்.

"ஜல்லி! அண்ணே, ஜல்லி!"

ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் குவியலில் ஏறி, ஜல்லியை நாலு பக்கமும் வாரியிறைத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அண்ணன் என் கையைத் தொட்டுப் பார்த்தான், தலையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் முழுசாக இருந்தோம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, அதற்குப் பிறகுதான் சக்கரங்களிலிருந்து புகை வருவதைக் கவனித்தேன்.

கீழேயிருந்து ஒரு காலி லாரி ஏறி வந்து நின்றது. கொத்தவால் சாவடிச் சந்தைக்குக் கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றப் போகும் மெட்ராஸ் லாரி. டிரைவர் முப்பது வயதுக்காரர், பெயர் காதர், ராயபுரம். இறங்கி வந்தவர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கோடம்பாக்கம் பாலம்னு நென்ச்சிக்கினியா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அண்ணன் கேட்டான்.

"மெட்ராஸ் நம்பரு, சக்கரத்துல பொகை. வேற இன்னா? நம்ம ஊர்ல மேடுன்னா பாலம்தானே. நானும் மொத தபா இப்டிதான் நியூட்ரல்ல வந்தேன். நாலு மூட்டை கோஸு பள்ளத்துல பூட்ச்சி."

அண்ணன் டிக்கியிலிருந்து தண்ணீர் டின்னை எடுத்துச் சக்கரத்தை நோக்கி ஓடினான். "ஏய், ஏய், ஊத்தாத! இந்தச் சூட்டுல டிரம்மு விரிசல் வுட்டுக்கினா இன்னா பண்ணுவ? தானா ஆறட்டும் வுடு" என்று காதர் கையைப் பிடித்து நிறுத்தினார். மூன்று பேரும் ஜல்லிமேல் உட்கார்ந்தோம். அவர் பீடி பற்றவைத்தார். டின் தண்ணீரை நாங்கள் குடித்தோம்.

"ஏறச் சொல்ல யாரு ஓட்னது?"

"தங்கச்சி" என்றான் அண்ணன்.

காதர் என் பக்கம் திரும்பினார். "இன்னா கியர்ல ஏறினம்மா?"

"ரெண்டாவது. சில வளைவுல ஒண்ணாவது."

"அவ்ளோதான். எறங்கச் சொல்லவும் அதே. எஞ்சின் கத்தும். கத்தட்டும், வுட்டுடு. அது கத்திக்கினே உன்னப் புட்ச்சிக்கினு கீது. சத்தம் நின்னாதான் பயப்படணும்." பிறகு அண்ணனிடம், "நீ அந்தாண்ட குந்து நைனா. நீ பிரேக்க மெறிக்கிற மெறிப்புக்கு மலையே உக்காந்துடும்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் உறுதியாக மேலே வந்தது. காதர் காருக்கு அடியில் படுத்து நாலு சக்கரத்தையும் பார்த்தார். லாரியில் கயிறு கட்டி எங்களைக் குவியலிலிருந்து இழுத்துவிட்டார். சரிவில் கொஞ்ச தூரம் என்னை ஓட்டச் சொல்லிப் பிரேக்கைச் சோதித்த பிறகே போகவிட்டார். முன் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வேறு சேதம் இல்லை. டீக்குக்கூட எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "மெட்ராஸ்ல பாத்தா ஒரு சலாம் வை, போதும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

நான் ஓட்டினேன். இரண்டாவது கியர், பிரேக்கில் கால் பட்டும் படாமலும். எஞ்சின் வழியெல்லாம் அலறியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. பத்து மணி நாற்பது நிமிடத்துக்குப் பாக்குத் தோப்பின் நிழல் கார்மேல் விழுந்தது. தரை தட்டையாக இருந்தது. தட்டையான தரை இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். மேட்டுப்பாளையத்தில் ஆளுக்கு இரண்டு காபி குடித்தோம்.

அங்கேதான் அண்ணன் டைரியை எடுத்து, பதினோராவது கேள்விக்குப் பதில் எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டான்.

அதன்பின் சேலம் வரை டைரி அவன் சட்டைப் பையிலிருந்து வெளியே வரவில்லை. மறுநாள் சேலத்திலிருந்து வீடு வரையிலும் வரவில்லை. உயிர் பிழைத்த நிம்மதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த யோசனையைச் சொன்னவள் நான்தானே என்ற உறுத்தல். என் வேலையை என் வாயாலேயே பள்ளத்தில் தள்ளிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் நான் அழித்த கரும்பலகை கண்முன் நின்றது. வேறு யாரோ அதில் எழுதப் போகிறாள்.

திங்கள், மாலை 4.15. அபிராமபுரம். அப்பா அன்று கடையிலிருந்து சீக்கிரம் வந்து வாசலில் நின்றார். முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு பம்பரை. எல்லாரும் உள்ளே உட்கார்ந்ததும் அண்ணன் டைரியைத் திறந்து வாசித்தான். தண்ணீர், ஆஸ்பத்திரி, வாட்ச்மேன், நாய்கள். தயிர் உறையும் என்றதும் அம்மா பெருமூச்சு விட்டாள். பத்தாவது முடிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணு. பாதை பயமில்லாமல் இருக்குமா?" அண்ணன் நிறுத்தி, தொண்டையைச் செருமினான். "பாதையில் குற்றம் இல்லை. இறங்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். வடிவுக்குத் தெரியும்."

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே, நியூட்ரல்லயா எறங்குனீங்க?"

"ஆமாப்பா."

"எஞ்சினையும் அணைச்சீங்களா?"

"இல்லப்பா. அத மட்டும் செய்யல."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நசுங்கிய பம்பரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தவர் என் தலைமேல் கையை வைத்தார். "தபாலுக்கு நேரமிருக்கு. போய் எழுதுட்டி" என்றார்.

எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறு செய்தி சொல்ல மறுபடி அத்தை வீட்டுக்குப் போனோம். திரும்பும்போது கோடம்பாக்கம் பாலத்தின் உச்சி வந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் கை கியரைத் தொட்டது. தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. கார் இரண்டாவது கியரில், ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டு பாலத்தை விட்டு இறங்கியது. "பாலத்துக்கு மூணாவதே போதும்பா" என்றேன். "நீ சும்மா இருட்டி" என்றார்.

ஜூன் முதல் வாரம் நான் போய்ச் சேர வேண்டும். பெட்டி, கம்பளி, தயிர்ப் பாத்திரம், அம்மா, அப்பா எல்லாம் காரில். இம்முறை குன்னூர் வழியாக ஏறிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அந்தப் பாதை இன்னும் செங்குத்து என்கிறார்கள். நான் ஓட்டுவதாக ஏற்பாடு. ஆனால் என்னை விட்டுவிட்டு அவர்கள் திரும்பி இறங்கும்போது ஓட்டப்போவது அண்ணன். அதற்காக இப்போது தினமும் காலையில், எலுமிச்சம்பழம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோடம்பாக்கம் பாலத்தில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான்.